ஐம்பதைத் தாண்டிய சொந்தத் தொழில்காரருக்கு வீட்டுக் கடன்: பேங்க்கா, ஹவுசிங் ஃபைனான்ஸா?

கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்துகிறேன். 52 வயதில் வீட்டுக் கடன் கேட்டு இரண்டு இடத்திலும் ஏறி இறங்கி, கடைசியில் பொதுத்துறை பேங்க்கில் வாங்கினேன். ஜாப் ஒர்க் (பிறருக்குக் கூலிக்குச் செய்து தரும் வேலை) செய்கிற யார் கேட்டாலும் முதலில் பேங்க்குக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன்.

ஹவுசிங் ஃபைனான்ஸ்காரர்கள் பட்டறைக்கே வருவார்கள். மெஷினைப் பார்ப்பார்கள், பில் புக்கைப் புரட்டுவார்கள், ஸ்டேட்மென்ட்டில் வரவு செலவைப் பார்த்து வருமானத்தை அவர்களே கணிப்பார்கள். ஐடிஆரில் (வருமான வரிக் கணக்கில்) தொகை குறைவாக இருந்தாலும் வழி பிறக்கும். கிரயத் தேதி நெருங்கிவிட்டவருக்கு இது பெரிய உதவி, மறுக்கவே மாட்டேன். அங்கே நான் விண்ணப்பம் வரைதான் போனேன். தவணை கட்டிய அனுபவம் இல்லை.

ஆனால் வட்டி. நான் கேட்டபோது பேங்க்கில் எட்டரை சதவீதம், அங்கே பதினொன்று. 20 லட்சத்துக்கு 15 வருஷம் போட்டால் மாதம் மூவாயிரம் ரூபாய் வித்தியாசம், மொத்தத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல். அதையும் 67 வயது வரை கட்ட வேண்டும். இன்னொன்று: 2019 அக்டோபருக்குப் பின் பேங்க்குகள் தரும் ஃப்ளோட்டிங் (வட்டி மாறக்கூடிய) வீட்டுக் கடன், ரெப்போ (ரிசர்வ் வங்கி பேங்க்குகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டது. 2025-இல் ரெப்போ 6.50-இலிருந்து 5.25-க்கு இறங்கியபோது என் வட்டி நான் கேட்காமலே இறங்கியது. ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பேங்க்கில் எல்லாம் ஐடிஆரில்தான் நிற்கிறது. நம்மில் பலர், வரவில் ஒரு சதவீதத்தையே லாபமாகக் காட்டும் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவில் கணக்குக் காட்டுகிறோம். வருஷம் 60 லட்சம் பேங்க் வழியாக வந்தால், குறைந்தபட்சமான 6 சதவீதத்தைப் போட்டு 3.6 லட்சம் லாபம் என்று எழுதிவிடுவார் ஆடிட்டர். சட்டப்படி சரிதான். ஆனால் பேங்க் அதை மாதம் 30,000 என்று படிக்கும். அதில் பாதிதான் இஎம்ஐக்கு என்றால் 15,000. எட்டரை வட்டியில் 15 வருஷத்துக்கு அது 15 லட்சம் கடன்தான் தாங்கும். 10 வருஷம் என்றால் 12 லட்சம்.

உண்மையில் 10 சதவீதம் நிற்கிறது என்றால் அதையே காட்டலாம். 6 என்பது குறைந்த அளவுதான். லாபம் 6 லட்சம் என்று வந்தால் அதே 15 வருஷத்துக்கு 25 லட்சம் வரை தகுதி வரும். வரி ஏறிவிடுமே என்று பயப்பட வேண்டாம். புதிய வரி முறையில் 2023-24 முதல் 7 லட்சம் வரையிலும், 2025-26 முதல் 12 லட்சம் வரையிலும் தள்ளுபடி போக வரி இல்லை. பேங்க் இரண்டு மூன்று வருஷ ஐடிஆர் கேட்கும். அதனால் வீடு பார்ப்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் உட்கார்ந்துவிடுங்கள். எங்கே கடன் கிடைக்கும் என்பதை முடிவு செய்வது ஐடிஆரில் காட்டும் லாபம் என்ற இந்த ஒரு எண்தான்.

வயது பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். எஸ்பிஐயில் 70 வயதுக்குள் கடன் முடிந்தால் போதும். சம்பாதிக்கும் மகனையோ மகளையோ சேர்த்தால் தகுதி கூடும். ஆனால் நாளை அவர்கள் தமக்கென்று வீடு வாங்கப் போகும்போது நம் இஎம்ஐ அவர்கள் சிபிலில் (கடன் வரலாற்றுப் பதிவில்) நிற்கும். அதனால் என் மகளைச் சேர்க்கவில்லை. கையில் இருந்ததைக் கூடுதலாகப் போட்டுக் கடனைக் குறைத்துக்கொண்டேன்.

இரண்டு இடத்திலும் கடனோடு இன்ஷூரன்ஸையும் சேர்த்துத் தள்ளப் பார்ப்பார்கள். நம் வயதில் பிரீமியம் அதிகம். அதையும் கடனில் ஏற்றினால் அதற்கும் வட்டி. ஆயுள் காப்பீடு தேவைதான், ஆனால் அவர்களிடமே எடுக்கச் சட்டக் கட்டாயம் இல்லை. வெளியில் டேர்ம் பாலிசி விலை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஏற்கெனவே ஃபைனான்ஸில் வாங்கியவர்களும் தவணை தவறாமல் கட்டி, ஐடிஆரைச் சரிசெய்துகொண்டு பேங்க்குக்கு மாற்றலாம். தனிநபர் பெயரில் உள்ள ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனை முன்கூட்டியே முடிக்க அபராதம் கிடையாது. எம்ஓடி (வீட்டுப் பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவும் லீகல் செலவும் மறுபடி வரும். வட்டியில் மிச்சமாவதோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.