சுருஹாஷி சந்துக் கடை: குடலுக்காகப் போங்கள்

ஒசாகாவின் சுருஹாஷி ஸ்டேஷனில் ரயில் கதவு திறந்தாலே கறி சுடும் வாசனை பெட்டிக்குள் வந்துவிடும். 2001இல் ஜப்பான் சுற்றுச்சூழல் அமைச்சகம் நாட்டின் நூறு வாசனைகளைத் தேர்ந்தெடுத்தபோது இந்த வட்டாரமும் அதில் இடம்பிடித்தது. மேற்கு வாசலை ஒட்டிய சந்துகள் முழுக்க 'யாகினிக்கு' கடைகள், அதாவது மேசையிலேயே கறியைச் சுட்டுச் சாப்பிடும் கடைகள். இந்தக் கடையும் அங்கேதான். பெயர் போட வேண்டாம் என்று கடைக்கார அம்மா சொல்லிவிட்டார். வருகிற கூட்டத்துக்கே உட்கார இடமில்லையாம். வாசலில் நீல பிளாஸ்டிக் வாளிகளில் கிம்ச்சி என்கிற கொரியக் காய்கறி ஊறுகாய் ஊறிக்கொண்டிருக்கும், அதுதான் அடையாளம்.

கணவனும் மனைவியும் கொரியாவின் ஜெஜு தீவுக்காரர்கள். 1920களில் ஜெஜுவிலிருந்து நேரடிக் கப்பலில் வந்தவர்களின் வாரிசுகள் இந்தப் பக்கம் நிறைய. இவர்கள் தொண்ணூறுகளில் வந்தவர்கள். அவர் செருப்புப் பட்டறையில் பசை தடவ, அந்த அம்மா இதே கடையில் தட்டு கழுவியிருக்கிறார். முதலாளிப் பாட்டிக்கு முடியாமல் போனதும் கடையைத் தவணையில் வாங்கிக்கொண்டார்களாம். இன்றைக்கும் வெட்டுவது அவர், ஊறவைப்பது அந்த அம்மா. ஒருவர் வேலையில் மற்றவர் கை வைப்பதில்லை.

இங்கே போனால் 'தெச்சான்' கேளுங்கள். கொழுப்போடு சேர்ந்த மாட்டுப் பெருங்குடல். மதுரையில் குடல் குழம்பு தின்று வளர்ந்த எனக்கு, குடல் என்றால் முதலில் மூக்குதான் வேலை செய்யும். இதில் துளி வாடை இல்லை. உப்பும் மாவும் போட்டு, தண்ணீர் தெளியும்வரை தேய்ப்பாராம். மேசை மேல் சின்ன மண் அடுப்பு, அதில் கரி. தோல் பக்கத்தை முதலில் நன்றாகச் சுட்டு, கடைசியில்தான் கொழுப்புப் பக்கம் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் கொழுப்பு சொட்டித் தீ பிடிக்கும், ஐயா உள்ளேயிருந்து இடுக்கியோடு வந்துவிடுவார். மிசோ என்கிற சோயா விழுதும் பூண்டும் மிளகாயும் சேர்ந்த அந்தக் காரத்துக்குச் சோறு இரண்டாவது கிண்ணம் போகும். நாக்குக் கறி உப்பும் எலுமிச்சையும் மட்டும். அதை முதலில் சாப்பிடுங்கள், மசாலா பட்ட கம்பியில் சுட்டால் வீண். பச்சை ஈரல் கேட்காதீர்கள், 2012இலேயே அரசு தடை செய்துவிட்டது. மெனு அட்டையில் அந்த வரி மேல் ஒட்டிய வெள்ளைத்தாள் இன்னும் இருக்கிறது.

'கல்பி' என்கிற விலாக் கறி எனக்குப் பிடிக்கவில்லை. இனிப்பு தூக்கல், விலையும் அதிகம். கொழுப்பு ஓடிய வாக்யு என்கிற ஜப்பானிய மாட்டுக் கறி வேண்டுமென்றால் வேறு கடை பாருங்கள். சைவக்காரர்களுக்குச் சோறும் முளைப்பயறும்தான், அழைத்துப் போய்ப் பாவம் தேடிக்கொள்ளாதீர்கள்.

புகைபோக்கி பேருக்குத்தான். நல்ல உடை வேண்டாம். கார்டு வாங்க மாட்டார்கள்; இரண்டு பேருக்கு எட்டாயிரம் யென் ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் புதுக் கரி போடுவதில்லை, கெஞ்சினாலும் வேலைக்காகாது.