நாலு வருடமாகக் கையில் இருக்கும் பத்து மடங்கு லென்ஸ்

மல்லாவியில் இருக்கும் நண்பன் கேட்டான்: "நீ வைத்திருக்கிற லைற் போட்ட லென்ஸ் இப்போது பாதி விலைக்கு வருகிறதாம், வாங்கட்டா?" போன கிழமைதான் அதைத் திருத்தி எடுத்திருந்தேன். கேட்ட நேரம் சரியில்லை.

பழைய பேப்பர் எப்படி அச்சானது என்று பார்க்கத்தான் இந்த லென்ஸ். முதலில் அந்த லைற். வில்லையைச் சுற்றி இருக்கும் சின்ன பல்புகள் நேர் மேலேயிருந்து அடிக்கின்றன. பழைய பேப்பரில் பார்க்க வேண்டியது பள்ளம். ஈய எழுத்து தாளில் அழுந்திய தடம் அது, பின்பக்கம் விரலால் தடவினாலும் தெரியும். நேர் வெளிச்சத்தில் அந்தப் பள்ளம் காணாமல் போய்விடுகிறது. சுவிட்ச் பழுதாகி லைற் எரியாமல் கிடந்த இரண்டு மாதமும் காலை வெயிலில் தாளைச் சரித்துப் பிடித்துத்தான் பார்த்தேன். எழுத்தின் ஓரத்தில் மை கருத்து ஒதுங்கியிருப்பது, நடுவில் வெளிறியிருப்பது எல்லாம் அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தன. பிறகு ஏன் திருத்தக் கொடுத்தேன்? காசு கொடுத்து வாங்கிய சாமான் என்ற ரோசம்தான். முள்ளியவளையில் மணிக்கூடு திருத்துபவர் ஒருவர் சரிசெய்து தந்தார். இப்போது மூடியைத் திறந்தாலே தானாக எரிகிறது, பற்றறியைத் தின்கிறது. அந்த வட்டப் பற்றறிக்கு வவுனியாவுக்குப் போக வேண்டும்.

எங்கள் வீட்டு றங்குப்பெட்டியின் அடியில் விரித்திருந்த இரண்டு பேப்பர் துண்டுகளுக்காகத்தான் இதை வாங்கினேன். இரண்டிலும் தலைப்பு இல்லை. 1959இல் தொடங்கிய ஈழநாடு என்று அப்பா, வீரகேசரி என்று மாமி. இரண்டிலும் தும்பிக்கை போட்ட பழைய 'லை' இருந்தது. அதை வைத்துக் காலம் சொல்ல முடியாது. 1978இல் தமிழ்நாட்டு அரசு அதை மாற்றிய பிறகும் எங்கள் பத்திரிகைகள் உடனே மாறிவிடவில்லை.

வில்லையின் அடியில் கீறியிருக்கும் அளவுகோலைப் பற்றி மட்டும் குறை சொல்ல வாய் வராது. ஒரு துண்டில் நாலு வரிக்கு 16.8 மில்லிமீற்றர். வரிக்கு 4.2, அதாவது அச்சகத்தில் எழுத்தையும் வரியையும் அளக்கும் பொயின்ற் கணக்கில் ஏறக்குறைய 12. மற்றதில் நாலு வரிக்கு 14, ஆகவே 10 பொயின்ற். அதோடு இரண்டாவதில் எழுத்துகளுக்கு நடுவே மயிர் போல நெட்டுக் கோடுகள். வரி வரியாக ஈயத்தை வார்க்கும் லைனோடைப் போன்ற மெஷினில் அச்சுவார்ப்புகள் தேய்ந்தால், இடுக்கில் ஈயம் கசிந்து இப்படி விழும். முதல் துண்டில் அந்தக் கோடுகளே இல்லை. ஒரு 'ம' மட்டும் வால் உடைந்து நின்றது. கையால் கோக்கும்போது அதே ஈய எழுத்துகளைத்தான் திரும்பத் திரும்ப எடுத்து அடுக்குவார்கள். ஆகவே அதே உடைந்த 'ம' வேறொரு நாள் பேப்பரிலும் தலைகாட்டினால் கையால் கோத்தது என்று துணிந்து சொல்வேன். அப்பாவா மாமியா என்பது இன்னும் தீரவில்லை. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி அச்சுக்கோத்தவை இல்லை என்று வீட்டில் ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள்.

நண்பனிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் உன்னுடையதை ஒரு மாதம் இரவல் தா என்றான். அதுவும் முடியாது என்றேன்.