தொட்ட இடத்தில் மிஞ்சியதை எடுக்க ஒரு நைலான் ஸ்வாப்

எம்.எஸ்சி. தடயவியல் மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். தொடு டிஎன்ஏ, அதாவது கைபட்ட இடத்தில் ஒருவர் விட்டுச்செல்லும் டிஎன்ஏ, எடுக்கப் பழக்க முன்பெல்லாம் பருத்தி ஸ்வாப்தான் (நுனியில் பஞ்சு சுற்றிய குச்சி) வாங்குவோம். இப்போது இத்தாலியின் கோப்பான் நிறுவனம் செய்யும் 4என்6 ஃப்ளாக்ஸ்வாப்புக்கு மாறியிருக்கிறோம். விலை கணிசமாக அதிகம். அந்தக் காசுக்குத் தகுமா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். தகும், ஆனால் எல்லாப் பரப்புக்கும் அல்ல.

கைபட்ட இடத்தில் மிஞ்சுவது மிகமிகக் கொஞ்சம். ஒரு மனித செல்லில் இருக்கும் டிஎன்ஏவே சுமார் 6 பிக்கோகிராம்தான் (ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு பிக்கோகிராம்). விரலிலிருந்து உதிரும் மேல்தோல் செல்களில் பெரும்பாலானவற்றில் உட்கருவும் இருக்காது. வியர்வையிலும் எண்ணெய்ப் பசையிலும் கலந்திருக்கும் துண்டு டிஎன்ஏ, சற்றுமுன் மூக்கையோ கண்ணையோ தொட்டதில் விரலில் ஒட்டி வந்தது, இவையெல்லாம் சேர்ந்துதான் நம் கைக்கு வருகிறது. 1997இல் மெல்போர்னில் வான் ஊர்ஷாட், ஜோன்ஸ் என்ற இரு தடயவியல் ஆய்வாளர்கள் பெட்டிக் கைப்பிடி, பேனா, கார் சாவி, தொலைபேசி போன்றவற்றிலிருந்து இப்படி டிஎன்ஏ எடுத்துக் காட்டினார்கள். ஒருவருடைய டிஎன்ஏ, அவர் தொட்ட பொருள் வழியாக இன்னொருவர் கைக்குப் போவதையும் அப்போதே கவனித்தார்கள்.

இவ்வளவு கொஞ்சமாக இருப்பதை எடுத்தால் போதாது, எடுத்ததை ஸ்வாப் திருப்பித் தரவும் வேண்டும். சுற்றிய பருத்தி உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். ஃப்ளாக்ஸ்வாப்பில் குட்டை நைலான் இழைகள் வெல்வெட் துணிபோல நிமிர்ந்து நிற்கின்றன. செல்கள் மேலேயே தங்குவதால் கரைசலில் போட்டதும் இறங்கிவிடுகின்றன. எவர்சில்வர் டம்ளர், ஸ்டீயரிங், ஹெல்மெட் கண்ணாடி போன்ற வழவழப்பான பரப்புகளில் மாணவர்களுக்குக் கிடைத்த அளவு பருத்தியைவிடத் தெளிவாகக் கூடியது. முதலில் ஈர ஸ்வாப், அப்புறம் அதே இடத்தில் உலர் ஸ்வாப் என்று இரண்டும் எடுக்கிறோம். தலைப்பகுதியைக் குழாய்க்குள்ளேயே ஒடித்துப் போட முடிவதால் கத்தரிக்கோல் தேவையில்லை. ஒரு கலப்படம் குறைகிறது.

எனக்கு இதைவிட முக்கியம் உறை மேல் இருக்கும் 'மனித டிஎன்ஏ அற்றது' என்ற உறுதிமொழி. 'ஸ்டெரைல்' என்றால் கிருமி இல்லை என்று மட்டும்தான் பொருள். செத்த செல்லின் டிஎன்ஏ அப்படியே இருக்கும், டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் சோதனை அதையும் பெருக்கிவிடும். ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் 2007இல் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று சுமார் 40 சம்பவ இடங்களில் வந்துகொண்டிருந்தது. 3 லட்சம் யூரோ வெகுமதிகூட அறிவித்தார்கள். 2009இல்தான் தெரிந்தது, அது பருத்தி ஸ்வாப் தயாரிப்பில் வேலை செய்த ஒரு பெண்ணுடையது. அப்படி ஒரு குற்றவாளியே இல்லை. ஆண்டுக்கணக்கில் உண்மையான கொலையாளிகளைத் தேடும் உழைப்பு அதில் வீணானது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. 2016இல் வந்த ஐஎஸ்ஓ 18385 தரம் தடயம் சேகரிக்கப் பயன்படும் பொருள்களில் மனித டிஎன்ஏ கலப்படத்தைக் குறைப்பதற்கென்றே எழுதப்பட்டது. எந்தக் கம்பெனி ஸ்வாப் வாங்கினாலும் இந்த எண்ணைக் கேளுங்கள். 'மெடிக்கல் கிரேடு' என்று கடைக்காரர் சொல்வதை ஏற்காதீர்கள்.

குறைகளும் உண்டு. தலை சிறியது, அதிகத் தண்ணீர் தாங்காது. செங்கல், இழைக்காத மரம் இவற்றில் தேய்த்தால் இழை பிய்கிறது, அங்கே நான் பருத்திக்கே திரும்பிவிடுகிறேன். சட்டைக் காலர், பை வார் போன்ற துணிகளுக்கு எந்த ஸ்வாப்பும் வேண்டாம், ஒட்டும் டேப்தான் சரி.

நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈர ஸ்வாப்பை மூடி வைத்தால் டிஎன்ஏ சிதையும், பூஞ்சையும் பிடிக்கும். குழாய்க்குள்ளேயே ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த வகை கிடைக்கிறது, கூடுதல் விலை கொடுத்து அதையே வாங்குங்கள். ஒவ்வொரு லாட்டிலும் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) பயன்படுத்தாத ஒரு ஸ்வாப்பைச் சோதனைக்கு அனுப்பி, லாட் எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.