மரப்பாலம் சிக்னலில் அணைந்துபோகும் டர்போ டீசல்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

என்னிடம் இருப்பது 2012 மாடல் டர்போ டீசல் கார், டிஎன் 31 பதிவு. அதே மாடலில் புதுச்சேரிப் பதிவுள்ள வண்டி ஒன்று மலிவாக விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். பதினைந்து ஆண்டுப் பதிவு முடியும் தறுவாயில் இருப்பதால்தான் விலை இறங்கியிருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். இழுவிசை, இடவசதி, மைலேஜ் முதலியவற்றை அவர் ஏற்கெனவே படித்து வைத்திருக்கிறார். ஆகவே ஓராண்டுக்கும் மேலாக இந்த வண்டி என்னைப் படுத்திய ஒரே கோளாறைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் திடீரென்று ஆஃப் ஆவது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் புதுச்சேரிக்குப் புறப்பட்டுப் பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று வரும் வரை ஒரு குறையும் இருக்காது. அரியாங்குப்பம் நெரிசலில் ஊர்ந்து, முருங்கப்பாக்கம் தாண்டி, மரப்பாலம் சிக்னலில் நிற்கும்போது எந்த முன்னறிகுறியும் இல்லாமல் அணைந்துவிடும். குலுங்காது, திணறாது, புகை வராது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாக அடிக்கும்; ஆனால் ஸ்டார்ட் ஆகாது. ஓரமாகத் தள்ளிப் பானெட்டைத் திறந்து பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்தால், முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும். மெதுவாக உருளும்போது அணைந்தால் எரிச்சலோடு போய்விடும். வேகத்தில் அணைந்தால் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக்குக்குக் கிடைக்கும் வெற்றிட உதவியும் சில மிதிகளில் தீர்ந்துவிடும். குடும்பத்தோடு போகிற வண்டியில் இதைச் சின்னத் தொல்லை என்று ஒதுக்கிவிட முடியாது.

பணிமனை ஒன்றில் காட்டினேன். ஸ்கேனரை மாட்டிப் பார்த்ததில் பி 0087 என்ற குறியீடு பதிவாகியிருந்தது. இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கி வைக்கும் காமன் ரெயில் குழாயில் எரிபொருள் அழுத்தம் போதவில்லை என்பது அதன் பொருள். "ஹை பிரஷர் பம்ப் போயிடுச்சு சார், மாத்தினாத்தான் சரியாகும்" என்றார்கள். எழுதிக் கொடுத்த மதிப்பீடு அரை லட்சத்தைத் தாண்டியது. அவர்கள் ஏமாற்றப் பார்த்தார்கள் என்று சொல்ல மாட்டேன். குறியீடு உண்மையாகவே இருந்தது, அதைப் பார்த்தவுடன் யாருக்கும் பம்ப்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஆறிப்போன வண்டியை வாங்கி, ஆறிய நிலையிலேயே சோதித்து, சூட்டில் மட்டும் வரும் கோளாறுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் செலவை எழுதித் தருவதை நோயறிதல் என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

ஏனென்றால், இன்ஜின் எந்தக் காரணத்தால் நின்றாலும் அதனோடு சேர்ந்து சுழலும் பம்பும் நின்றுவிடும், அழுத்தமும் இறங்கிவிடும். அழுத்தம் இறங்கியதால் இன்ஜின் நின்றதா, இன்ஜின் நின்றதால் அழுத்தம் இறங்கியதா என்பதைக் குறியீடு சொல்லாது. எது முதலில் விழுந்தது என்று தெரிய வேண்டுமானால், அணையும் அந்த விநாடியில் அளவுகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டிலேயே கண்டுபிடிப்பது என்று நான் முடிவெடுத்தது இதற்காகத்தான்.

எளிதில் விலக்கக்கூடியவற்றை முதலில் விலக்கினேன். கேட்டவர்கள் எல்லோரும் டர்போவைத்தான் குற்றம் சொன்னார்கள். டர்போ குழாய் கிழிந்தால் பிக்கப் போகும், கரும்புகை வரும். இன்ஜின் இப்படிச் சுவிட்சை அணைத்தது போல் நிற்பது அரிது. எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கினால் ஐடிலில் அணையலாம். ஆனால் அதற்கு முன் நடுங்கும், ஆறிய நிலையிலும் தொல்லை தரும். அடுத்த பழி புதுச்சேரி டீசல்மீது. அங்கே விலை குறைவு என்பதால் கடலூர்க்காரர்கள் பலரும் எல்லை தாண்டியதும் நிரப்புவது வழக்கம். அதனால் "கலப்படமா இருக்கும்" என்ற பேச்சும் வழக்கம். ஃபில்டரின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, ஓர் இரவு அசையாமல் வைத்தேன். தண்ணீர் இருந்தால் டீசலுக்கு அடியில் தனிப்படலமாகத் தங்கியிருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் உள்ளே தெரியும்படியான ஒரு துண்டு ஹோஸைச் செருகிப் பார்த்ததில் காற்றுக்குமிழியும் இல்லை.

எர்த் விஷயம் வேறு. நம் ஊர் உப்புக்காற்று பேட்டரி எர்த் பட்டைகளைச் சும்மா விடாது. போதாததற்கு 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழையைக் கொட்டியபோது, இந்த வண்டியும் நீரில் நின்றது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, மனைவியைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய வேறுபாடு 0.6 காட்டியது. பட்டையைக் கழற்றியபோது அடியில் பச்சைப் பூஞ்சைபோல் களிம்பு. சுரண்டித் தேய்த்து மாட்டியதும் செல்ஃப் முன்னைவிட விறுவிறுப்பாகச் சுற்றியது. ஆனால் மரப்பாலத்தில் வண்டி மறுபடி நின்றது.

பிறகு ஈ.எல்.எம். 327 வகை ப்ளூடூத் அடாப்டர் ஒன்றை வாங்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டுவதற்காக உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகி, போனில் உள்ள செயலியோடு இணைத்தேன். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. செயலியில் இருபது அளவுகளைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொன்றும் சில விநாடிக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கப்படும். நமக்கு வேண்டிய கணம் அந்த இடைவெளியில் நழுவிவிடும். ஆகவே ஆர்பிஎம், ரெயில் அழுத்தம், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்கு வரும் வோல்ட்டேஜ் ஆகிய மூன்றை மட்டும் வைத்துப் பதிவு செய்தேன். ஓட்டுகிறவர் போனைப் பார்க்கக் கூடாது. பக்கத்து இருக்கையில் மனைவி பார்த்துக்கொண்டார்.

அணைந்தபோது பதிவில் கிடைத்த வரிகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. ஒரு வரியில் 820 ஆர்பிஎம், ரெயில் அழுத்தம் 290 பார். அடுத்த வரியில் ஆர்பிஎம் பூஜ்யம், அழுத்தம் இன்னும் 280 பார். அதற்குப் பிறகுதான் அழுத்தம் படிப்படியாக இறங்குகிறது. வோல்ட்டேஜ் அறுபடவே இல்லை. கனமான ஃப்ளைவீல் சுழன்று தணிய ஒரு விநாடியாவது ஆகும். இடையில் ஐந்நூறு, முந்நூறு என்று ஏதாவது ஒரு வரி வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால், இன்ஜின் நிற்பதற்கு முன்பே அது சுற்றுகிறது என்ற தகவல் ஈசியூவுக்குப் போவது நின்றுவிட்டது. உடனே செல்ஃப் அடித்துப் பார்த்தேன். இன்ஜின் காதுக்குக் கேட்கும்படி சுற்றுகிறது. இருநூறு சொச்சம் காட்ட வேண்டிய திரையில் பூஜ்யம். பம்பின்மீது இருந்த சந்தேகம் அந்த இடத்தில் தீர்ந்தது. மீதி இருந்தது, இன்ஜின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்லும் கிராங்க் ஷாஃப்ட் பொசிஷன் சென்சாரும் அதன் வயரும்தான். அந்தத் தகவல் இல்லாமல் ஈசியூ டீசலைப் பீச்ச விடாது.

இங்கே உற்பத்தியாளர்மீது எனக்குள்ள மனக்குறையைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த வண்டியில் சென்சார் இருப்பது இன்ஜினுக்குப் பின்புறம், டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கத்துக்கு நேர் கீழே. நெடுஞ்சாலையில் ஓடும்போது எதிர்க்காற்று அந்த இடத்தைக் குளிர்விக்கும். சிக்னலில் நிற்கும்போது காற்றில்லை. டர்போவின் வெப்பம் முழுவதும் அங்கேயே தங்கும். கிருமாம்பாக்கத்தில் நிற்காத வண்டி மரப்பாலத்தில் நின்றதற்கு விளக்கம் இவ்வளவுதான். ஒரு சிறு வெப்பத்தடுப்புத் தகடு வைத்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயத்தை, நாற்பது டிகிரி வெயில் அடிக்கும் ஊரில் விற்கிற வண்டியில் செய்யாமல் விட்டது மன்னிக்கக்கூடியதல்ல.

வண்டியை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே அடியில் போனேன். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் நுழையக் கூடாது. அதேபோல் இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் குழாய்களைத் தளர்த்துவதோ கையால் கசிவு தேடுவதோ வேண்டாம். அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரே போல்ட்டில் நின்ற சென்சார், கறுத்துக் கெட்டிப்பட்ட ஓ ரிங்கோடு வெளியே வந்தது. காந்த முனையில் மெல்லிய இரும்புத்தூள். இது இரண்டு வயர் உள்ள சுருள் வகை என்பதால் ஓம் அளந்து சோதிக்க முடிந்தது. மூன்று வயர் உள்ள ஹால் வகைக்கு இந்தச் சோதனை பொருந்தாது. ஆறிய நிலையில் 880 ஓம். ஹேர் டிரையரால் சூடேற்ற, எண் மெல்ல ஏறி ஆயிரத்தைத் தாண்டியது; செம்பு சூடானால் அப்படித்தான் ஏறும். அதற்கு மேல் சில நொடிகளில் சட்டென்று எண்ணே மறைந்து திரை ஓப்பன் என்று காட்டியது. உள்ளே சுருள் அறுந்து விலகுகிறது. மேசைமேல் வைத்து ஆறவிட்டேன்; 880 திரும்பி வந்தது. மரப்பாலத்தில் நடந்தது அப்படியே என் கண்ணெதிரே நடந்தது. அந்த மகிழ்ச்சியை இந்த வண்டி வாங்கிய நாளில்கூட நான் அடையவில்லை.

புதிய சென்சார் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. வயரின்மீது கண்ணாடியிழை உறை போட்டு, தகடு ஒன்றை வெட்டித் தடுப்பாக வைத்தேன். இந்தக் கத்திரி வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு அதே சிக்னலில் நின்றபோதும் அணையவில்லை. அழுத்தினால் இரண்டாயிரம் ஆர்பிஎம்முக்கு முன்பே முதுகை இருக்கையோடு சேர்க்கும் அந்த இழுவை, நெடுஞ்சாலையில் லிட்டருக்கு இருபதைத் தாண்டும் மைலேஜ், இத்தனை ஆண்டுக்குப் பிறகும் எண்ணெய் குடிக்காத இன்ஜின் என்று எல்லாம் பழையபடி இருக்கின்றன.

இருந்தும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். மல்டிமீட்டர் பிடிக்கப் பழகாத ஒருவர் இதை வாங்கினால், நல்ல பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அடுத்த மாதமும் அதே சிக்னலில் நிற்பார். விலையில் மிச்சமானது அந்த ஒரு பில்லில் போய்விடும். அவர் மனம் அதிலேயே இருப்பதால் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: உச்சி வெயிலில் ஏசி போட்டு அரை மணி நேரம் ஐடிலில் விட்டு, அணைத்து, உடனே திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். என் வண்டியையே கேட்டார். தர முடியாது என்றேன். பதிவு முடிந்ததும் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிப்பதாக இருக்கிறேன்.