விண்டோஸ் 10-லேயே இருப்பதா, மாறுவதா?

சித்தப்பாவின் மடிக்கணினி 2017-இல் வாங்கியது. இன்டெல் ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ராம். இன்றும் சோர்வில்லாமல் ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 11-க்குப் பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. "நல்லாத்தானேடா ஓடுது, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்டார்.

ஓடுவதில் சிக்கல் இல்லை. விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் உள்ளே பெரும்பகுதி ஒன்றுதான். மாதாமாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை 11-க்குப் பாதுகாப்புத் திருத்தம் வரும்போது, பழைய கோப்புகளையும் புதிய கோப்புகளையும் ஒப்பிட்டுப் பாதுகாப்பு ஓட்டை எங்கே இருந்தது என்று தாக்குபவர்கள் கண்டுபிடிக்கிறார்கள். அதே ஓட்டை 10-இல் அடைபடாமல் கிடக்கும். 2017 மே 12-இல், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 14-ஆம் தேதியே வந்திருந்தது. அதைப் போடாமல் விட்ட கணினிகள்தான் பெரும்பாலும் மாட்டின. திருத்தமே வராத கணினியின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

"ஆன்டிவைரஸ் இருக்கே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-உடனேயே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கு வைரஸ் அடையாளப் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும். நல்லதுதான். ஆனால் அது வருகிறவனைப் பார்த்து அடையாளம் காணும் காவலாளி, உடைந்த கதவைச் சரிசெய்யும் தச்சன் இல்லை.

சரி, என்னென்ன வழிகள்?

முதலாவது, இஎஸ்யூ என்கிற நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்கும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் தொடரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் இலவசம். இல்லையென்றால் 30 டாலர், அல்லது 1,000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள். ஒரே உரிமத்தில் 10 கணினிகள் வரை சேர்க்கலாம். எதையும் அழிக்க வேண்டாம், எதையும் புதிதாகக் கற்க வேண்டாம். விண்டோஸை விட முடியாதவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான், ஆனால் இது வாங்கித் தருவது அவகாசம் மட்டுமே. ஸ்லோவேனியாவின் 0பேட்ச் சேவையும் குறைந்தது 2030 வரை விண்டோஸ் 10-க்குச் சிறு திருத்தங்கள் தருவதாக அறிவித்திருக்கிறது. அது கட்டணச் சேவை.

இரண்டாவது, ரூஃபஸ் போன்ற கருவியால் வன்பொருள் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ நிறுவுவது. யூடியூபில் பத்து நிமிட வேலையாகக் காட்டுகிறார்கள். நான் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். தகுதியில்லாத கணினிக்குப் புதுப்பிப்பு வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. பெரிய பதிப்பு வரும்போதெல்லாம் கையால் நிறுவ வேண்டிவரலாம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைத் தொடங்கவே சில புதிய சிபியு கட்டளைகள் தேவை என்பதால் மிகப் பழைய கணினிகள் அதில் எழுந்திருக்கவே இல்லை. பாதுகாப்புக்காக மாறிவிட்டு, அந்தப் பாதுகாப்பு வருமா வராதா என்று காத்திருப்பதில் என்ன பயன்?

மூன்றாவது, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். எனக்கு மிகவும் பிடித்த வழி. மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு, 4 ஜிபி ராம் இருந்தால் தாராளம். பென்டிரைவில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, பிரிண்டர், ஒலி எல்லாம் வேலை செய்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். யூடியூப், மின்னஞ்சல், வங்கித் தளம், கடிதம் அடிப்பது இவ்வளவுதான் வேலை என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. தமிழ் 99 விசைப்பலகையும் கிடைக்கிறது. ஆனால் லினக்ஸுக்கென்று டேலி கணக்கு மென்பொருள் கிடையாது. டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகி வரி தாக்கல் செய்பவர்கள் டிரைவர் கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

அப்புறம் சிலர் இணையத்தையே துண்டித்துவிட்டுப் பழைய விண்டோஸை வைத்துக்கொள்கிறார்கள். பழைய ஸ்கேனருக்காகவோ ஒரே ஒரு மென்பொருளுக்காகவோ என்றால் இது சரியான வழிதான். பென்டிரைவில் மட்டும் கவனம் தேவை. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், யுஎஸ்பி வழியாகவும் பரவும்படி எழுதப்பட்டது.

சித்தப்பா கடைக்கணக்கை டேலியில் பார்ப்பவர். அதனால் அவர் கணினியை இஎஸ்யூவில் சேர்த்தேன், அமைப்புகள் பக்கத்தில் ஐந்து நிமிட வேலை. 2026 அக்டோபருக்குள் வேறு கணினி வாங்கப் பணம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். சித்தி பயன்படுத்தும் பழைய மேசைக்கணினிக்கு மின்ட் போட்டோம். அதற்கு முன் படங்களையெல்லாம் வெளி வன்தட்டில் நகலெடுத்து, கழற்றி, பீரோவில் வைத்தாயிற்று. வங்கி வேலையைச் சித்தி இப்போது அந்த மின்ட் கணினியில்தான் பார்க்கிறார்.