டிராக்டர் ஏற்ற 22 அடி ட்ரெய்லர்: தகட்டில் இருப்பதும் தராசு காட்டுவதும்

டெக்சாஸில் பத்துப் பதினைந்து ஏக்கர் நிலம் வாங்குகிறவர் எந்த டிராக்டர் வாங்குவது என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறார். அதை ஏற்றிச் செல்லும் ட்ரெய்லரை மட்டும் ஒரே மதியத்தில் வாங்கிவிடுகிறார். விற்பனைக் களத்தில் வரிசையாக நிற்கும் ட்ரெய்லர்களில் கண்ணில் படுவது நீளமும் விலையும்தான். டிராக்டரைத் தாங்குமா என்பதைச் சொல்லும் எண்களோ, முன்பக்கச் சட்டத்தில் அடித்திருக்கும் உள்ளங்கை அளவுத் தகட்டில் இருக்கின்றன. நான் வாங்கிப் பயன்படுத்திவரும் ட்ரெய்லரைப் பற்றிய இந்த மதிப்பீட்டை அந்தத் தகட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

என்னுடையது பிக்கப்பின் பின்கொக்கியில் மாட்டி இழுக்கும் எக்யூப்மென்ட் ட்ரெய்லர். தலா 7,000 பவுண்டு தாங்கும் இரண்டு ஆக்சில்கள், 14,000 பவுண்டு மொத்த எடை வரம்பு, 20 அடி சமதளம், அதன் பின்னால் 2 அடி சரிவு, நிமிர்த்தி நிறுத்தும் இரண்டு ராம்ப்கள். தயாரிப்பாளரின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். வடகிழக்கு டெக்சாஸில் பாரிஸ், சம்னர், மவுண்ட் பிளசன்ட் ஆகிய ஊர்களைச் சுற்றியே பிஜே, லோட் ட்ரெயில், பிக் டெக்ஸ், டைமண்ட் சி என்று பெயர்பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. இந்த ரகத்தில் ஒருவருடைய ட்ரெய்லருக்கும் மற்றவருடையதற்கும் உள்ள வேறுபாட்டைவிட, ஒரே நிறுவனத்தின் 7,000 பவுண்டு ரகத்துக்கும் 14,000 பவுண்டு ரகத்துக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

எந்த ரகம் வேண்டும் என்பதை டிராக்டரின் உண்மையான எடைதான் தீர்மானிக்க வேண்டும். அந்த எடை விற்பனைக் கையேட்டில் முழுமையாக இருப்பதில்லை. எனது 40 குதிரைத்திறன் டிராக்டருக்குக் கையேடு சொல்வது ஏறத்தாழ 3,700 பவுண்டு. முன்னால் மாட்டிய, பக்கெட்டால் மண் அள்ளும் லோடர் 1,100 பவுண்டு. பின்டயர்களில் பாரத்துக்காக உறைதடுப்பு கலந்த தண்ணீர் நிரப்பப்பட்டிருக்கிறது. வெறும் தண்ணீர்க் கணக்கில் போட்டாலே டயருக்கு 50 கேலன், கேலனுக்கு 8.34 பவுண்டு என்று இரண்டுக்குமாக 834 பவுண்டு வருகிறது. பின்னால் மாட்டிய, புல் வெட்டும் 6 அடி ரோட்டரி கட்டர் 950 பவுண்டு. ஆக 6,584 பவுண்டு, அதாவது மூன்று மெட்ரிக் டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. கையேட்டை மட்டும் பார்த்தவருக்கு இரண்டு 3,500 பவுண்டு ஆக்சில்கள் கொண்ட, 7,000 பவுண்டு வரம்புள்ள ட்ரெய்லர் தாராளமாகத் தெரியும். ஆனால் அந்த 7,000-இல் ட்ரெய்லரின் சொந்த எடையும் அடக்கம். 18 அடி நீளத்தில் அது சுமார் 2,000 பவுண்டு என்றால், ஏற்றக்கூடிய சுமை 5,000-தான். களத்தில் அதிகம் விற்பது இந்த ரகம்; கார் ஏற்றுவதற்கு அது மிகவும் நல்ல ட்ரெய்லர்.

அதற்கு அடுத்தது 9,990 பவுண்டு ரகம். இந்த விசித்திரமான எண்ணுக்குக் காரணம், 10,000 பவுண்டைத் தாண்டினால் தொழில்முறை வாகனங்களுக்கான பல விதிகள் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது. 22 அடி நீளத்தில் அந்த ரகத்தின் வெற்று எடை 2,800 பவுண்டு அளவில் இருக்கும் என்று கொண்டு, என் டிராக்டரையும் சங்கிலிகளையும் கூட்டினால் வரம்புக்கு 450 பவுண்டுகூட மிச்சமில்லை. ஓர் உருளை வைக்கோல் கட்டைக் கூடுதலாகத் தூக்கி வைத்தால் தாண்டிவிடும். எனவே 14,000 ரகத்தை எடுத்தேன். இதன் வெற்று எடை 3,300 பவுண்டு, சுமைக்குக் கிடைப்பது 10,700. டயர்களும் அதற்கு ஒத்து வருகின்றன: 235/80 ஆர்16 அளவில் ‘லோட் ரேஞ்ச் இ’ என்ற சுமைத் தரமுள்ள ட்ரெய்லர் டயர் ஒன்று 80 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் 3,520 பவுண்டு தாங்கும், நான்குக்கு 14,080. காற்று குறைந்தால் இந்தத் தாங்குதிறனும் குறையும் என்பதால், 60 பிஎஸ்ஐ-யில் ஓடும் 14,000 பவுண்டு ட்ரெய்லர் தகட்டில்தான் 14,000 பவுண்டு ட்ரெய்லர். உரிமத்தைப் பற்றியும் ஒரு வரி: இழுக்கும் வண்டி, ட்ரெய்லர் இரண்டின் எடை வரம்புகளும் சேர்ந்து 26,001 பவுண்டை எட்டி, ட்ரெய்லரின் பங்கு 10,000-ஐத் தாண்டினால் ‘ஏ’ வகுப்பு எனப்படும் கனரக வாகன உரிமம் பற்றிய கேள்வி எழும். 10,000 பவுண்டு வரம்புள்ள ‘முக்கால் டன்’ பிக்கப்புடன் (அரை டன், முக்கால் டன் என்பவை பிக்கப்பின் ரகப் பெயர்கள், உண்மையான எடை அல்ல) இது 24,000-இல் நின்றுவிடுகிறது.

நீளத்தில் ஓர் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. 18 அடி என்று எழுதியிருக்கும் பல ட்ரெய்லர்கள் 16 அடி சமதளமும் 2 அடி சரிவும் கொண்டவை. லோடர் மாட்டிய 40 குதிரைத்திறன் டிராக்டர் சுமார் 15 அடி. கட்டரும் அதன் வால் சக்கரமும் மேலும் ஏழு அடியை எடுத்துக்கொள்ளும். நான் 22 அடி வாங்கிய பிறகும் பக்கெட் முன்தடுப்புக் கம்பியை ஒட்டியே நிற்கிறது, வால் சக்கரம் சரிவில்தான் உட்கார்கிறது. இதைவிடக் குறைந்த நீளத்தில் கட்டரைக் கழற்றி வேறு நடையில் கொண்டுபோக வேண்டியிருக்கும், அல்லது டிராக்டரை அது நிற்கக்கூடாத இடத்தில் நிறுத்த வேண்டியிருக்கும். இந்த இரண்டாவதுதான் ஆபத்து.

முதலில் ஏற்றுவதைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் லாரியை மண்மேட்டில் ஒட்டி நிறுத்தி டிராக்டரை நேராக உள்ளே ஓட்டிப் பார்த்தவர்களுக்கு ராம்ப்பில் ஏறும் அந்தச் சில நொடிகள் புதிதாக இருக்கும். சமதரையில் பிக்கப்புடன் கொக்கி மாட்டிய நிலையில்தான் ஏற்ற வேண்டும். டிராக்டரின் முன்சக்கரங்கள் ராம்ப்பில் ஏறும்போது ட்ரெய்லரின் பின்முனை அழுந்தி, முன்முனை மேலெழும்பி, பிக்கப்பின் பின்சக்கரங்களைத் தரையிலிருந்து லேசாக்கிவிடும். கைப்பிரேக் பிடிப்பது அந்தச் சக்கரங்களைத்தான் என்பதால், மொத்த வண்டியும் அப்படியே நகரக்கூடும். இந்த ட்ரெய்லரின் ராம்ப்களின் அடியில் தரையைத் தொடும் முட்டுக்கால்கள் வைத்திருக்கிறார்கள். அவை பின்முனையைத் தாங்கிக்கொள்வதால் அந்த எழும்பல் ஏறக்குறைய இல்லை. இந்த ட்ரெய்லரில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான். முட்டுக்கால் இல்லாத ட்ரெய்லரை வாங்கினால் பின்முனைக்கு அடியில் கனமான மரக்கட்டை வைத்துக்கொள்ள வேண்டும்.

ராம்ப்கள் ஒரு குழாயில் கோத்திருப்பதால் பக்கவாட்டில் நகர்த்தி, டிராக்டரின் சக்கர அகலத்துக்குப் பொருத்த முடிகிறது. மட்கார்டுகளுக்கு இடையே 82 அங்குலம் இருக்கிறது. பின்சக்கரங்களை அகலப்படுத்தி வைத்திருப்பவர்கள் டேப்பை எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். ஏறும்போது பக்கெட்டைத் தாழ வைத்து, கட்டரை உயர்த்தி, இடது வலது பிரேக் பெடல்களைக் கொண்டியிட்டு ஒன்றாக்கி, குறைந்த வேகக் கியரில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும். இறங்கும்போது நான்கு சக்கர இயக்கம் இன்னும் முக்கியம். இந்த அளவு டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே உண்டு. ஈரமான ராம்ப்பில் பின்டயர் வழுக்கினால், முன்சக்கரங்களும் இயக்கத்தோடு இணைந்திருந்தால்தான் வண்டி நிற்கும். டிராக்டர் கவிழ்ந்தால் காக்கும் பாதுகாப்பு வளைவை நிமிர்த்தி, பெல்ட் போட்டுக்கொள்வதைச் சொல்லவே வேண்டியதில்லை.

ஏறிய டிராக்டரை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில்தான் இந்த ட்ரெய்லரின் உண்மையான பரீட்சை இருக்கிறது. ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மீது விழ வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதற்குக் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் ட்ரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும், அந்த ஆட்டம் பிக்கப்பையும் சேர்த்து இழுக்கும். கண்ணளவில் இதைத் தீர்மானிக்க முடியாது. நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடைகள் இருக்கின்றன. மூன்று தனித்தனித் தளங்களில் பிக்கப்பின் முன் ஆக்சில், பின் ஆக்சில், ட்ரெய்லர் ஆக்சில்கள் ஆகியவற்றின் எடையைத் தனித்தனியே அச்சிட்டுச் சீட்டாகத் தருவார்கள். பிறகு ட்ரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு பிக்கப்பை மட்டும் எடைபோட்டால், இரண்டு சீட்டுகளிலும் பிக்கப்பின் எடைக்கு உள்ள வித்தியாசமே கொக்கியில் விழும் எடை. எனக்கு ட்ரெய்லர் ஆக்சில்களில் 8,820 பவுண்டும் கொக்கியில் 1,220 பவுண்டும் வந்தன. மொத்தம் 10,040, கொக்கியின் பங்கு 12 விழுக்காடு.

இது எவ்வளவு நுட்பமான சமநிலை என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். கொக்கியிலிருந்து இரு ஆக்சில்களின் நடுப்புள்ளி வரை இந்த ட்ரெய்லரில் சுமார் 17 அடி. 6,584 பவுண்டு டிராக்டரை ஓரடி பின்னால் நகர்த்தினால், அந்த எடையில் பதினேழில் ஒரு பங்கு, அதாவது 387 பவுண்டு, கொக்கியிலிருந்து குறைந்துவிடும். 1,220 என்பது 833 ஆகிறது. 12 விழுக்காடு 8 ஆகிவிடுகிறது. ஒரே ஓரடி. நீளம் குறைந்த ட்ரெய்லரில் பக்கெட் இடிக்கிறதே என்று டிராக்டரைக் கொஞ்சம் பின்னால் தள்ளி நிறுத்துகிறவர்கள் இந்த ஓரடியைத்தான் விட்டுக்கொடுக்கிறார்கள். எடைச் சீட்டு சரியாக வந்த நிலையில் முன்சக்கரத்தின் நடுப்பகுதிக்கு நேராகப் பலகையில் மஞ்சள் பெயின்டால் கோடு போட்டுவிட்டேன். கட்டர் இல்லாமல் ஏற்றும் நாட்களுக்கு வேறொரு கோடு.

அதே 1,220 பவுண்டு பிக்கப்பின் பக்கமும் கணக்குக் கேட்கும். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு எடை ஏறலாம் என்று எழுதியிருக்கும். கொக்கி எடையும் அதற்குள்தான் அடங்க வேண்டும். அரை டன் பிக்கப் ஒன்றில் அது 1,700 என்றால், கொக்கி போக மிஞ்சும் 480-இல் வளர்ந்த ஆட்கள் இருவர் ஏறி, கருவிப்பெட்டி ஒன்றையும் வைத்தால் கதை முடிந்தது. விளம்பரத்தில் 11,000, 12,000 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருப்பதால் அரை டன் பிக்கப்பே போதும் என்று வாதிடுபவர்களை இந்த ஸ்டிக்கரைப் படிக்கச் சொல்ல வேண்டும்.

கட்டுவதில் இந்த ட்ரெய்லர் குறை வைக்கவில்லை. தளத்தில் பற்றவைத்த ‘டி’ வளையங்கள் நான்கு மூலையிலும் இருக்கின்றன. பக்கவாட்டில் சங்கிலி மாட்ட ஓரக் கம்பியும் பாக்கெட்டுகளும் உண்டு. சாலையில் போகும் வணிக வாகனங்களுக்கான கூட்டாட்சி விதி 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட இயந்திரங்களுக்குத்தான் நான்கு இடத்தில் கட்டச் சொல்கிறது என்றாலும், இதைவிடச் சிறிய டிராக்டருக்கும் நான்கு சங்கிலிகளுக்குக் குறைவாக நான் பரிந்துரைக்க மாட்டேன். கிரேடு 70 என்ற வலுத் தரமுள்ள சங்கிலியில் 5/16 அங்குலம் 4,700 பவுண்டும், 3/8 அங்குலம் 6,600 பவுண்டும் தாங்கும். ஆனால் சங்கிலியில் 6,600 என்றும் அதை இறுக்கும் பைண்டரில் 5,400 என்றும் பொறித்திருந்தால், அந்தக் கட்டின் பலம் 5,400-தான். நெம்புகோல் பைண்டர் மலிவு. அதை விடுவிக்கும்போது பிடி திருப்பி அடித்துக் கையையும் தாடையையும் உடைத்த கதைகள் ஏராளம் என்பதால் ராட்செட் பைண்டரே வாங்கினேன். சங்கிலியை டிராக்டரின் சட்டத்திலும் இழுவைக் கம்பியிலும் மாட்ட வேண்டும்; லோடரின் கைகளில் மாட்டினால் ஹைட்ராலிக் இறங்கும்போது கட்டு தளர்ந்துவிடும். பக்கெட்டையும் கட்டரையும் தளத்தில் இறக்கித் தனியே கட்ட வேண்டும்.

குறைகளும் உண்டு. 4,500 பவுண்டுக்கு மேற்பட்ட ட்ரெய்லருக்கு டெக்சாஸ் சட்டப்படி பிரேக் வேண்டும். இதில் நான்கு சக்கரத்திலும் மின் பிரேக் இருக்கிறது, கொக்கி கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்கும் பெட்டியும் இருக்கிறது. ஆனால் விற்பனையாளர் ஒப்படைத்த நாளில் அந்தப் பெட்டியின் பேட்டரி செத்துக் கிடந்தது. கொக்கி கழலும்போது பிடுங்கப்பட்டு அந்தப் பெட்டியை இயக்கும் ஊசியை இழுத்துவிட்டு ட்ரெய்லரை நகர்த்தச் சொன்னேன். சக்கரங்கள் எந்தத் தடையுமின்றி உருண்டன. பேட்டரியை உடனே மாற்றிக் கொடுத்தார்கள், வருத்தம் தெரிவிக்கவில்லை. அடிப்புறத்தில் சில பற்றவைப்புகளின் மேல் பெயின்ட் சரியாகப் படியாமல் துரு அரும்பியிருக்கிறது. பதப்படுத்திய பைன் பலகைகள் வெயிலில் சுருங்கி விரலளவு இடைவெளி விட்டிருக்கின்றன. இது எல்லா நிறுவனங்களின் ட்ரெய்லர்களிலும் உள்ளதுதான். உபரி டயர் விலையில் சேராது, அதைத் தாங்கும் சட்டமும் சேராது. நிமிர்ந்து நிற்கும் ராம்ப்கள் ஸ்பிரிங் உதவியோடும் கனமாகவே இருக்கின்றன, வெறும் ட்ரெய்லராக ஓடும்போது காற்றைப் பிடித்துக்கொண்டு எரிபொருளைத் தின்கின்றன.

25 குதிரைத்திறனுக்கு உட்பட்ட சிறு டிராக்டரை லோடருடன் மட்டும் ஏற்றுகிறவர்களுக்கு 18 அடி, 9,990 பவுண்டு ரகமே போதும்; 14,000 ரகம் வீண் செலவு. கட்டரையும் சேர்த்து ஏற்றும் 35 முதல் 45 குதிரைத்திறன்காரர்களுக்கு இந்த 22 அடி ட்ரெய்லரைத் தயங்காமல் சொல்வேன். ஆர்டர் கொடுக்கும்போதே உபரி டயரையும், சுழற்றும் கைப்பிடியோடு கீழ்க்கால் இறங்கும் 12,000 பவுண்டு ஜாக்கையும் எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். எடுத்து வந்த பின் முதல் 10, 25, 50 மைல்களில் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். புதுச் சக்கரங்களில் நட்டுகள் தளர்வது வழக்கம் என்பதை எந்த விற்பனையாளரும் தாமாகச் சொல்வதில்லை.