சேலத்தில் காசைக் கரைக்காமல் டான்வர்ஸ் போங்கள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் சேலத்துக்குப் போகிறவர்கள் சூனியக்காரித் தொப்பி, மெழுகு பொம்மை, ராத்திரி பேய் நடை என்று அங்கேயே பர்ஸைக் காலி செய்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நாங்களும் காசு கட்டி ஒரு நடைச் சுற்றுலா போனோம், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். 1692 சூனிய விசாரணைகளில் ஊர்க்காரர்களைச் சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டிய ஆன் புட்னமைப் பற்றி வழிகாட்டி சொன்னது "பொய் சொன்ன பன்னிரண்டு வயசுப் பொண்ணு" என்ற ஒரே வரிதான். அப்புறம் அடுத்த கடை வாசலுக்கு நடையைக் கட்டிவிட்டார்.

1692-இல் எல்லாம் ஆரம்பித்த சேலம் கிராமம்தான் இன்றைய டான்வர்ஸ். சேலத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டர். அங்கே, சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்ட ரெபெக்கா நர்ஸ் என்பவரின் வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பெரிய அடுப்பு, தாழ்வான உத்தரம், கருத்துப்போன மரச்சுவர், அவ்வளவுதான். ஆனால் அதே வளாகத்தில், அந்தக் காலத்து வழிபாட்டுக் கூடத்தைப் போலவே 1980-களில் படப்பிடிப்புக்காகக் கட்டிய கூடம் ஒன்று இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். மார்ச் 24 அன்று, எழுபதைத் தாண்டிய ரெபெக்காவை இப்படி ஒரு கூடத்தில்தான் ஊர் முன்னால் நிறுத்தி விசாரித்தார்கள். அந்த மரப்பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே, யார் கத்தினாலும் கூடம் முழுக்கக் கேட்டிருக்கும் என்று புரிகிறது. அன்றைக்குக் கத்தியவர்களில் ஆன் மட்டுமல்ல, அவளுடைய அம்மாவும் உண்டு, அவர் பெயரும் ஆன்தான். வலிப்பு வந்து அந்த அம்மாவை வெளியே தூக்கிப் போக வேண்டியதாயிற்று.

இந்த அம்மாவைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. 1689-இல் ஆறு வாரக் குழந்தை சாராவைப் பறிகொடுத்தவர். சகோதரியின் குழந்தைகள் ஆறு பேர் சவத்துணி சுற்றியபடி தன் முன்னால் வந்து நின்று, எங்களைக் கொன்றவர்களில் ரெபெக்காவும் ஒருவர் என்று சொன்னதாக வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். மகளோ, செத்துப்போன தங்கை சாராவே தோன்றி இதேபோல் குற்றம் சாட்டப்பட்ட ஜான் வில்லர்டைப் பழிவாங்கச் சொல்லி அழுததாகச் சாட்சி சொன்னாள். வீட்டுக்குள் அம்மா வருஷக்கணக்கில் அழுத அழுகை இந்தப் பிள்ளையின் வாய்வழியே நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கூடவே புட்னம் குடும்பத்துக்கு நில எல்லைத் தகராறுகளும் இருந்தன, வாக்குமூலங்கள் பலவற்றைத் தன் கைப்பட எழுதியவரே அப்பா தாமஸ் புட்னம். ஆக, துக்கம் மட்டும்தான் காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ரெபெக்காவை ஜூலை 19-லும் வில்லர்டை ஆகஸ்ட் 19-லும் தூக்கிலிட்டார்கள்.

1699-இல் அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர, தம்பி தங்கைகளை வளர்க்கும் பொறுப்பு மகள் தலையில் விழுந்தது. 1706-இல் அவள் மன்னிப்புக் கேட்டு எழுதியதைச் சபை முன்னால் போதகர் வாசித்தார், அதில் ரெபெக்காவின் பெயரைத் தனியாகச் சொல்லியிருந்தாள். குற்றம் சாட்டிய பெண்களில் இப்படி ஊரறிய மன்னிப்புக் கேட்டது இவள் ஒருத்திதான்.

சரி, போகிறவர்களுக்கு: குளிர்காலத்தில் திறந்திருக்காது, நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். வயலைத் தாண்டி நர்ஸ் குடும்பக் கல்லறைக்கு நடக்க நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். விசாரணைகளில் பலியானவர்களுக்காக ஹோபார்ட் தெருவில் இருக்கும் 1992-ஆம் ஆண்டு நினைவுச்சின்னத்தையும் சேர்த்துப் பார்க்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகளைப் பயமுறுத்துகிற பொம்மை எதுவும் இங்கே கிடையாது. கார் இல்லாமல் போவது சிரமம், அதற்காக மட்டும் அரை மதிப்பெண் குறைத்து ஐந்துக்கு நாலரை.